இல்லத்து முதியவர்களை இரவில் அவசரப் பிரிவுக்கு அனுப்புவதை எப்படிக் குறைப்பது?

ஜெலுத்தோங்_மேற்பார்வை எழுதியது:

வணக்கம். பினாங்கில் 30 படுக்கை கொண்ட பராமரிப்பு இல்லத்தின் மேற்பார்வை என் பொறுப்பு. பாதிக்கு மேல் படுத்த படுக்கையாக இருப்பவர்கள். சிலருக்கு மூக்கு வழியாகப் பால் கொடுக்கும் ரைல்ஸ் டியூப், சிலருக்குச் சிறுநீர்க் குழாய். பகலில் பதிவு பெற்ற தாதி ஒருவர் உண்டு. இரவில் பராமரிப்பாளர்கள் மட்டும். அவர்களில் இருவர் இந்தோனேசியர். டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார், மற்ற நேரம் போனில் கிடைப்பார்.

காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, டியூப் கழன்றுவிட்டது, பாட்டி கண் திறக்கவில்லை என்று பெரும்பாலும் இரவில்தான் சிக்கல் வருகிறது. பராமரிப்பாளர் பயந்து 999-ஐ அழைக்கிறார், இல்லையென்றால் மகனோ மகளோ வந்து காரில் ஏற்றிப் போகிறார்கள். அவசரப் பிரிவில் பல மணி நேரம் கிடந்துவிட்டு மறுநாளே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். வார்டில் சேர்ந்தவர்கள் படுக்கைப் புண்ணோடும் மனக் குழப்பத்தோடும் வருகிறார்கள். கைப்பிடித்து நடந்துகொண்டிருந்தவர் அதன் பிறகு எழுந்திருப்பதே இல்லை.

போக வேண்டியவரை நிறுத்தி வைத்து உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. ஆனால் இத்தனை பேர் போகத் தேவையில்லை என்பதும் தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

—

பட்டர்வொர்த்_தாதி பதில்:

வணக்கம் சகோதரி. இரவு இரண்டு மணிக்கு நடப்பதாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டு நாளைக்கு முன்பே தொடங்கியிருக்கும். திங்கட்கிழமை பாதிக் கஞ்சியை வைத்துவிட்டார், செவ்வாய்க்கிழமை பேச்சு குறைந்தது, பெம்பர்ஸ் எடை இல்லாமல் இருந்தது, புதன் இரவு மூச்சு வாங்குகிறது. முதல் மூன்றையும் ஒருவர் பார்த்திருப்பார். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், எழுதியும் இருக்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அமெரிக்காவில், இல்லங்களிலிருந்து மருத்துவமனை போவதைக் குறைக்க வந்த இன்டராக்ட் என்ற திட்டத்தில் 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' என்று ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் பராமரிப்பாளர் கண்ணால் காணக்கூடியவை: வழக்கம்போல் இல்லை, பேச்சு குறைந்தது, உதவி அதிகம் தேவைப்படுகிறது, வலி, சாப்பாடு குறைந்தது, குடிப்பது குறைந்தது, மூன்று நாளாக மலம் போகவில்லை அல்லது வயிற்றுப்போக்கு, எடை மாற்றம், எரிச்சல், சோர்வு, தோல் நிறம் மாறியது, நடக்கக் கூடுதல் துணை வேண்டியிருக்கிறது. இதை மலாயில் எழுதி, பக்கத்தில் சிறு படம் போட்டு, வட்டமிட்டால் போதும் என்று வையுங்கள். இந்தோனேசியப் பிள்ளைகளுக்கு மலாய் எளிது. மியன்மார், நேப்பாளப் பிள்ளைகள் இருந்தால் படம்தான் கைகொடுக்கும். ஒரு வட்டம் விழுந்தாலே அந்த ஷிப்ட் முடிவதற்குள் தாதி போய் அந்த முதியவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதி நடக்கவில்லை என்றால், வட்டமிட்டுப் பயனில்லை என்று பிள்ளைகள் சில வாரத்திலேயே படிவத்தை விட்டுவிடுவார்கள். தாதி வந்து பார்த்ததும், 'நீ சொன்னது சரி' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஒவ்வொருவரின் வழக்கமான அளவு. நலமாக இருக்கும் நாளில் இரத்த அழுத்தம், நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், உடல் வெப்பம், எடை, எப்படிப் பேசுவார், எவ்வளவு நடப்பார் என்று ஓர் அட்டையில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். புகைத்துப் புகைத்து நுரையீரல் கெட்ட தாத்தாவுக்கு ஆக்சிஜன் 90 என்பது வழக்கமாக இருக்கலாம். அது தெரியாத இரவுப் பராமரிப்பாளர் கருவியில் 90 பார்த்தவுடன் 999-ஐ அழைப்பார். வயதானவர்களுக்குக் காய்ச்சலும் 38-ஐத் தாண்டாமலே வரும். வாயில் எடுத்து 37.8-க்கு மேல், அல்லது அவரவர் வழக்கத்தைவிட 1.1 டிகிரி கூடினால் காய்ச்சல் என்று வையுங்கள்.

மூச்சு எண்ணும்போது முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். பல இல்லங்களில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதி வைப்பதைத்தான் பார்க்கிறோம். நிமோனியாவை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான், இருமல் இல்லாமலும் இருக்கலாம். 25-ஐத் தொட்டால் டாக்டருக்கு அழைப்பு. ஆக்சிஜன் பார்க்கும் விரல் கருவி வைக்கும் முன் விரலைச் சூடாக்குங்கள், நகப்பூச்சு இருந்தால் துடையுங்கள்.

டாக்டரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியது: யார், வயது, என்ன மாற்றம், எப்போதிலிருந்து, முக்கிய நோய்கள், இப்போதைய அளவுகளும் வழக்கமான அளவுகளும், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, குடும்பம் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறது. கடைசியாக, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதும் வேண்டும். 'டாக்டர், பாட்டிக்கு முடியவில்லை' என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் 'ஹாஸ்பிட்டலுக்கு அனுப்பு' என்றுதான் சொல்வார். போனில் அவருக்கு வேறு வழி இல்லை. மூச்சு விடுவதை 30 விநாடி வீடியோ எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பலாம், குடும்பக் குழுவில் போட வேண்டாம்.

—

குடும்பமருத்துவர்_சிராஸ் பதில்:

தாதி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். படிவத்தை அறிமுகப்படுத்தும்போது ஒன்றை மனதில் வையுங்கள். இன்டராக்ட் திட்டத்துக்கு முன் ஜார்ஜியா மாநிலத்து இல்லங்களிலிருந்து நடந்த 200 மருத்துவமனைச் சேர்க்கைகளை வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் 134 தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2010-இல் வெளியிட்டார்கள். ஆனால் அதே திட்டத்தின் பயிற்சியை மட்டும் இல்லங்களுக்குக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2017-இல் வந்தபோது, சேர்க்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மிசூரி மாநிலத்தில் தேர்ந்த தாதி ஒருவரை ஒவ்வோர் இல்லத்திலும் முழு நேரம் அமர்த்திய இடங்களில் நன்றாகக் குறைந்தது. படிவத்தைப் படித்து முடிவெடுக்கும் ஆள் வேண்டும் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன். இரவில் பதிவு பெற்ற தாதியை வைக்க முடியாவிட்டால், முறை வைத்துப் போனில் எடுக்கும் தாதி ஒருவருக்கு அலவன்ஸ் கொடுங்கள்.

முதலில் தாமதிக்கவே கூடாதவை. முகம் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே 999. கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும் எழுதி அனுப்புங்கள், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது. நெஞ்சுவலி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வலிப்பு, எழுப்பியும் எழாதது, மேல் அழுத்தம் 90-க்குக் கீழ். விழுந்தபின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே கொள்ளுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஸ்கேன் வேண்டும். இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். இவற்றுக்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

நிமோனியா. கனடாவின் ஹாமில்டன் பகுதியில் 22 இல்லங்களில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நாடி 100-ஐத் தாண்டவில்லை, மூச்சு 30-க்குக் கீழ், மேல் அழுத்தம் 90 அல்லது அதற்கு மேல், ஆக்சிஜன் 92 அல்லது அதற்கு மேல் (நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு 90), வாயால் சாப்பிட்டுக் குடிக்க முடிகிறது என்றால் இல்லத்திலேயே ஆன்டிபயாட்டிக் மாத்திரை. வழக்கமான முறையில் பார்த்த இல்லங்களில் 22 விழுக்காட்டினர் மருத்துவமனை போனார்கள், இந்த முறையில் 10 விழுக்காட்டினர்தான், இறப்பு கூடவில்லை. அவர்கள் கொடுத்தது லெவோஃப்ளாக்ஸசின். நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது, அந்த வகை மருந்து காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி மறைத்துவிடும். எனவே எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். வாரக் கணக்கில் இருமலும் எடைக் குறைவும் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. இல்லத்தில் வைத்துப் பார்ப்பதென்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவெடுக்க வேண்டும், இரவிலும்தான். அதற்கு ஆள் இல்லாவிட்டால் அனுப்புவதே சரி.

சிறுநீர்த் தொற்று என்ற பெயரில் நடப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லத்தில் இருக்கும் பெண்களில் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை எந்த நோயும் இல்லாமலே சிறுநீரில் கிருமி வைத்திருப்பார்கள். நீண்ட நாள் குழாய் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். அதனால் நாற்றம், கலங்கல் என்று சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி வைத்துப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் நிறம் மாறும். சிறுநீர் கழிக்கையில் வலி, புதிதாக அடிக்கடி போவது, அடிவயிற்று வலி, இரத்தம், காய்ச்சல் இருந்தால்தான் மாதிரி. குழாய் இருந்தால் புதிய குழாய் மாற்றி அதிலிருந்து எடுங்கள். திடீர்க் குழப்பம் மட்டும் என்றால் முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்: சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலி இருக்கிறதா, புது மருந்து ஏதும் தொடங்கியதா, போதிய நீர் குடித்தாரா. இன்னொன்று: மலம் கட்டியவருக்கு அதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துக் கட்டும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

நீர். இதய, சிறுநீரகக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. பெரிய கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனால் குடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை பெம்பர்ஸ் மாற்றும்போதும், திருப்பிப் படுக்க வைக்கும்போதும் 100 முதல் 150 மி.லி. கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள். பார்லி, கஞ்சித் தண்ணீர், தேநீர், காப்பி எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் நிறத்தையோ தோலைக் கிள்ளிப் பார்ப்பதையோ வயதானவர்களிடம் நம்பக் கூடாது. குடித்த அளவை எழுதுவதுதான் வழி.

குடிப்பது குறைந்துவிட்டது, ஆனால் மற்ற அளவுகள் நிலையாக இருக்கின்றன என்றால் தோலுக்கடியில் சலைன் ஏற்றலாம். நரம்பு கிடைக்காத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. 0.9 விழுக்காடு சலைன், 24 அளவு பட்டர்ஃபிளை ஊசி, தொடை அல்லது வயிற்றுத் தோல், மணிக்கு 60 மி.லி. அளவில், ஓர் இடத்தில் நாளுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர். அந்த இடம் மெத்தென்று வீங்குவது இயல்பு. சிவந்து வலித்தால் இடத்தை மாற்றுங்கள். இதயச் செயலிழப்பு, இரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலை (ஷாக்), இரத்தக் கசிவுக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடாது. டாக்டரின் எழுத்து உத்தரவும் பதிவு பெற்ற தாதியும் கட்டாயம். உங்கள் இல்லம் 1993-ம் ஆண்டின் 506-வது சட்டத்தின் கீழ் சமூக நலத்துறையில் பதிவானதா, 1998-ம் ஆண்டின் 586-வது சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்ற நர்சிங் ஹோமா என்பதையும் பாருங்கள். எந்தச் சிகிச்சையை உள்ளே செய்யலாம் என்பது அதைப் பொறுத்தது.

காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் டெங்கியை மறக்க வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் மட்டும். அன்றைக்கே முழு இரத்தப் பரிசோதனை. வயதானவருக்கு டெங்கி உறுதியானால் மருத்துவமனைதான்.

—

மருந்தாளர்_பிரிக்பீல்ட்ஸ் பதில்:

'பாட்டி கண் திறக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் தாழ்சர்க்கரை. விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இடம் உறுதி செய்த டியூப் இருந்தால் அதன் வழியாகவும் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 999.

இது வரும் வழிகள் மிகச் சில. 30/70 கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டுவிடுகிறார்கள், பிறகு அவர் இரண்டு வாய் சாப்பிட்டு நிறுத்திவிடுகிறார். அல்லது டியூப் கழன்று பால் நிற்கிறது, இன்சுலின் மட்டும் நேரத்துக்குப் போகிறது. சாப்பாடு பாதிக்குக் குறைந்தால், பால் நின்றால், சர்க்கரை இன்ன அளவுக்குக் கீழ் இருந்தால் எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொருவருக்கும் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். தளர்ந்த முதியவர்களுக்கு எச்.பி.ஏ.1சி (சில மாதச் சராசரி சர்க்கரை) 8 முதல் 8.5 வரை இருப்பது பொதுவாகப் போதும். 6.5-க்கு இறக்கி வைத்திருந்தால் மருந்து அதிகம் என்று டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பட்டியலில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அது உண்டாக்கும் தாழ்சர்க்கரை சீனி கொடுத்துச் சரியானபின்னும் பல மணி நேரம் கழித்துத் திரும்ப வரும். கிளிக்லசைடும் சிறுநீரகம் குன்றியவர்களிடம் அப்படிச் செய்யும். அத்தகையவர் சீனி குடித்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டும்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, பெரிண்டோபிரில் போன்ற அழுத்த மருந்து, நீர் பிரியச் செய்யும் ஃப்ருசமைட் ஆகியவற்றைத் தொடர வேண்டுமா என்று அன்றே கேட்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு கோட்ரிமாக்சஸோல், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பாருங்கள்.

திரும்பி வரும் நாளும் ஆபத்தான நாள்தான். வார்டில் நிறுத்தியதும் மாற்றியதும் சீட்டில் இருக்கும், பழைய மாத்திரைப் பெட்டி இல்லத்தில் காத்திருக்கும், இரண்டும் சேர்ந்து போகும். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயரில் இரட்டிப்பாவது இப்படித்தான். வந்த அன்றே பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டு, நிறுத்தியவற்றைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். குடும்பம் கொண்டுவரும் மூட்டுவலிப் பொடிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

—

ஜெலுத்தோங்_மேற்பார்வை பதில்:

மிக்க நன்றி டாக்டர், சகோதரி, ஐயா. அச்செடுத்துத் தாதியர் அறையில் வைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. டியூப் கழன்றதற்காக மட்டும் இரவில் அனுப்புவதை எப்படித் தவிர்ப்பது? குடும்பத்தாரிடம் 'இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னால் காசுக்காகச் சொல்கிறோம் என்று நினைக்கிறார்கள். அதை எப்படிப் பேசுவது?

—

பட்டர்வொர்த்_தாதி பதில்:

ரைல்ஸ் டியூப் இரவில் கழன்றால் பெரும்பாலும் காலை வரை காத்திருக்கலாம். ஒரு வேளை பால் தவறினால் ஆபத்து இல்லை. ஆனால் சர்க்கரை பார்த்தாக வேண்டும், இன்சுலினுக்கு மருந்தாளர் சொன்ன விதி அப்படியே பொருந்தும். வலிப்பு மருந்து தவறக் கூடாதவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

டியூப் போட்டபின், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னும், உறிஞ்சிய திரவத்தை அமிலக் காட்டித் தாளில் பாருங்கள். பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கொடுக்கலாம். காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள், நுரையீரலில் இருந்தாலும் சத்தம் வரும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சாப்பிடுபவர்களுக்கு அளவு உயர்ந்து காட்டும். அப்போது மூக்கருகில் டியூபில் உள்ள செ.மீ. குறியைப் பழைய பதிவோடு ஒப்பிட்டு, ஐயம் இருந்தால் எக்ஸ்ரே. அதற்குப் பகலில் போகலாம். பாலுக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முடிந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். பின்னிரவு பால் கொடுத்துவிட்டுக் கட்டிலைச் சாய்ப்பதுதான் பல நிமோனியாவுக்குக் காரணம். முன்னும் பின்னும் 30 மி.லி. நீர் விடுங்கள். அடைத்தால் 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை மெதுவாகத் தள்ளி இழுங்கள், சிறிய சிரிஞ்சின் அழுத்தம் டியூபைக் கிழிக்கும். மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

சி.பி.டி. பையில் (சிறுநீர்க் குழாயோடு சேர்ந்த பை) சிறுநீர் வரவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, கால் அழுத்துகிறதா, பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்குகிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சிக்கல் இங்கேயே தீரும். அடிவயிறு உப்பி வலித்தால் குழாயை மாற்ற வேண்டும், விடியும் வரை விடக் கூடாது. அதே அளவுக் குழாய் ஒன்று, 10 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, நுண்ணுயிர் நீக்கிய நீர், ஜெல் ஆகியவற்றை ஒரு பெட்டியில் எப்போதும் தயாராக வையுங்கள். சிலிக்கோன் குழாய் 12 வாரம் வரை தாங்கும். சாதாரண லேட்டெக்ஸ் அவ்வளவு நாள் தாங்காது, யாருக்கு எது என்று தேதியோடு எழுதுங்கள்.

—

பாலியேட்டிவ்_தாதி_கேஎல் பதில்:

குடும்பத்தாரிடம் பேச வேண்டிய நேரம் இல்லத்தில் சேர்த்த முதல் மாதம். மூச்சு வாங்கும் இரவில் 'என்ன செய்யலாம்' என்று கேட்டால் எந்த மகளும் 'கொண்டுபோங்கள்' என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்வதைக் குறை சொல்ல முடியாது.

முதியவருக்குப் பேச்சும் நினைவும் இருந்தால் அவரிடமே முதலில் கேளுங்கள். பல வீடுகளில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மகனிடம் மட்டும் பேசுகிறார்கள். டாக்டரும் உடனிருக்க, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வரும் மாதங்களில் என்ன வரக்கூடும், எதற்கு மருத்துவமனை உதவும், எதற்கு உதவாது என்று சொல்லுங்கள். 'இங்கே வைத்துப் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு எடுத்து உங்களுக்குத் தெரிவிப்போம், இந்த எண்ணைத் தாண்டினால் உடனே அனுப்புவோம்' என்று கையில் அட்டையைக் காட்டினால் காசுக்காக என்ற எண்ணம் பெரும்பாலும் விலகும். அண்ணன் தம்பிகளில் யார் முடிவு சொல்பவர், வெளிநாட்டில் இருப்பவருக்கு யார் தகவல் சொல்வது என்பதையும் அப்போதே எழுதுங்கள். கடைசி நேரத்தில் வந்திறங்கும் பிள்ளை எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. பேசியதைத் தேதியிட்டு, டாக்டர் கையெழுத்தோடு கோப்பில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஒவ்வொரு மருத்துவமனை வாசத்துக்குப் பின்னும் மறுபடி பேசுங்கள்.

முற்றிய மறதி நோயில் டியூப் போட்டால் நிமோனியா வராது என்று குடும்பங்கள் நம்புகின்றன. அதற்கு ஆதாரம் இல்லை. உட்காரவைத்து, சிறு கரண்டியில், விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்து ஊட்டுவதே அவர்களுக்கு நல்லது. நேரம் பிடிக்கும் வேலை, அதற்கு ஆள் ஒதுக்குங்கள்.

புற்றுநோய், முற்றிய இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் குழுவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் ஹொஸ்பிஸ் மலேசியா இலவசமாக இருப்பிடத்துக்கே வந்து பார்க்கிறது. உங்கள் பக்கம் பினாங்கு ஹொஸ்பிஸ் சங்கம் இருக்கிறது. கடைசி நாட்களில் மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் உரிய மருந்தும், அதைக் கொடுக்கும் முறையும் இல்லத்தில் முன்பே எழுதி இருந்தால், அந்த இரவில் ஆம்புலன்ஸ் தேவைப்படாது.

—

குடும்பமருத்துவர்_சிராஸ் பதில்:

ஒன்று விட்டுப்போனது. அனுப்பியே ஆக வேண்டும் என்று முடிவானால் நல்ல கடிதத்தோடு அனுப்புங்கள். வார்டில் சேர்ப்பதா, மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்புவதா என்று அவசரப் பிரிவு டாக்டர் முடிவு செய்வது அந்தத் தாளை வைத்துத்தான். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது தெரியாவிட்டால், பல ஆண்டுகளாகப் பேசாத பாட்டியைப் புதிதாக வாதம் வந்தவர் என்று நினைத்து எல்லாப் பரிசோதனையும் நடக்கும். வழக்கமான நிலை, இன்றைய மாற்றம், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, குடும்பத்தோடு பேசி எழுதிய தாளின் நகல், 'நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவெடுக்க எங்களால் முடியும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுக்க முடியும், நரம்பு வழி மருந்து முடியாது' என்ற ஒரு வரி, எல்லாம் ஓர் உறையில் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் பெயரெழுதிய பையில் கூடவே அனுப்புங்கள், அவை இல்லாமல் வார்டில் குழப்பம் இரட்டிப்பாகும்.

அனுப்பிய மறுநாள், அந்த ஷிப்டில் இருந்தவர்களோடு கால் மணி நேரம் உட்கார்ந்து முந்திய 72 மணி நேரப் பதிவுகளைப் புரட்டுங்கள். முதல் மாற்றம் எப்போது தெரிந்தது, யாருக்குத் தெரிந்தது, டாக்டர் அழைப்பு எத்தனை மணிக்குப் போனது, இல்லத்தில் என்ன இருந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். யாரையும் திட்டுவதற்காக இந்தக் கூட்டம் இல்லை என்பது பராமரிப்பாளர்களுக்கு முதலிலேயே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை வட்டமிடவே பயப்படுவார்கள். நான்கைந்து பேரின் பதிவுகளைப் பார்த்தாலே உங்கள் இல்லத்தின் ஓட்டை எது என்று தெரிந்துவிடும்: சில இடத்தில் நீர், சில இடத்தில் இன்சுலின், சில இடத்தில் வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு போன் எடுக்க யாரும் இல்லாதது. அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பின் காலாவதித் தேதி, இரத்த அழுத்தக் கருவியின் பெரிய பட்டை, ஆக்சிஜன் கருவியின் வடிகட்டி ஆகியவற்றை மாதம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.